எம்டனின் மீகாமன்

ஒரு சொல் பிறந்த ஊரை விட்டு வெகுதொலைவு நடந்து வந்துவிட்டால், தன் பெற்றோரை மறந்துவிடுகிறது. எம்டன் என்னும் சொல்லும் அத்தகையதே. சென்னைக் கடற்கரையில் அச்சமாகப் பிறந்த அச்சொல், கடல் எட்டாத தேவாரம், போடிநாயக்கனூர் போன்ற மலையடிவார ஊர்கள் வரை பரவி, எளிதில் ஏமாறாத அழுத்தக்காரனைக் குறிக்கும் பெயராகத் தமிழ்நாடெங்கும் நிலைத்துவிட்டது. எமன் என்னும் பழஞ்சொல்லோடு ஓசை ஒத்திருந்தமையும் அது நிலைக்க உதவியிருக்கலாம். ஆனால், எம்டன் ஒரு மனிதரின் பெயரன்று. ஜெர்மனியின் வடகடலோர நகர் ஒன்றின் பெயரைத் தாங்கிய போர்க்கப்பலின் பெயர். அக்கப்பலைச் செலுத்திய மீகாமன் கார்ல் வான் முல்லர், தமிழ் வழக்கு அச்சொல்லுக்கு ஏற்றிய வன்மைக்கும் தந்திரத்துக்கும் ஓரளவே பொருந்தியவர். போர்க்களத்தில் பகையை ஏமாற்றத் தெரிந்த அவர், போரில் சேராத நாட்டாரின் உடைமையைத் தொடக் கூசியவர். அந்தக் கூச்சத்தின் கதையே அவருடைய வரலாற்றில் சுவையான பகுதி.

முல்லர் 1873ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் ஹானோவர் நகரில் பிறந்தார். தந்தையார் பிரஷ்யப் படையில் கர்னல். ஹானோவரிலும் கீல் துறைமுக நகரிலும் பள்ளிக்கல்வி பெற்றார். பின் படைக்கல்விச் சாலையில் பயின்று, 1891இல் கடற்படைக்கு மாறினார். அதிகம் பேசாதவர், கூட்டத்தில் ஒதுங்கி நிற்பவர். கிழக்கு ஆப்பிரிக்காவில் ஜெர்மானியர் ஆண்ட பகுதிக்குச் சென்ற கப்பலில் பணியாற்றியபோது மலேரியாக் காய்ச்சல் பற்றியது. அந்நோய் இறுதிவரை அவரை விடவில்லை. பின்னர்ப் பேரரசரின் தம்பி இளவரசர் ஹைன்ரிக்கின் பணிக்குழுவிலும், பெர்லினில் கடற்படை அலுவலகத்திலும் இருந்தார். 1913ஆம் ஆண்டின் வேனிற் பருவத்தில் எம்டன் கப்பலின் தலைமை அவருக்குக் கிட்டியது.

எம்டன் பெரிய கப்பலன்று. 1908இல் டான்சிக் நகரில் நீரில் இறக்கப்பட்டது, 10.5 சென்டிமீட்டர் வாய் கொண்ட பத்துப் பீரங்கிகளைத் தாங்கியது. சீனக்கரையில் ஜெர்மானியர் வசமிருந்த சிங்தாவ் துறைமுகமே அதன் இருப்பிடம். அழகிய வெண்ணிறத் தோற்றத்தால் கிழக்கின் அன்னம் என்று பெயர் பெற்றிருந்தது. 1914 ஆகஸ்டுத் தொடக்கத்தில் போர் மூண்ட செய்தி கம்பியில்லாத் தந்தியில் வந்தபோது எம்டன் கடலில் இருந்தது. ஆகஸ்டு 4ஆம் நாள் ரியாசான் என்னும் ரஷ்யக் கப்பலைப் பிடித்துச் சிங்தாவுக்குக் கொண்டுவந்தார் முல்லர். அது பீரங்கிகள் பூட்டப்பட்டு, கோர்மோரான் என்ற புதுப்பெயருடன் போர்க்கப்பலாயிற்று. முல்லரின் இந்த முதல் கைப்பொருள் பின்னாளில் அமெரிக்கரின் வாசலில் போய் நின்ற விந்தை பின்னர் வரும்.

பசிபிக் கடலின் பேகன் தீவில் தளபதி ஸ்பே தம் தலைவர்களைக் கூட்டி ஆலோசித்தார். தென் அமெரிக்கா நோக்கிச் செல்வதே அவர் எண்ணம். ஒரு கப்பலையேனும் இந்துமாக்கடலுக்கு அனுப்பினால் பகைவரின் வணிகத்தைக் கலக்கலாம் என்றார் முல்லர். தளபதி இசைந்தார். மார்கோமானியா என்னும் நிலக்கரிக் கப்பல் ஒன்றைத் துணையாகக் கொண்டு எம்டன் தனித்துப் பிரிந்தது. டச்சுத் தீவுகளின் இடையே வந்தபோது டச்சுப் போர்க்கப்பல் ஒன்று எதிர்ப்பட்டு, நடுநிலை நாட்டின் நீர்ப்பரப்பில் தங்க இயலாது என்பதை மரியாதையோடு உணர்த்தியது. முல்லர் வாதாடாமல் விலகினார். வழியிலேயே மரத்தாலும் கித்தானாலும் நான்காவது புகைபோக்கி ஒன்று பொய்யாகச் சமைக்கப்பட்டது. மூன்று புகைபோக்கி கொண்ட எம்டன், தொலைவிலிருந்து நோக்குவார்க்கு ஆங்கிலப் போர்க்கப்பலாகத் தோன்றலாயிற்று. சுடுவதற்கு முன் தன் கொடியை ஏற்றிவிட்டால் இத்தகைய வேடம் குற்றமன்று என்பது கடற்போர் வழக்கு.

இங்கே அக்காலத்துக் கடற்சட்டத்தைச் சற்று விரித்துச் சொல்லாவிடில் முல்லரின் செயல்கள் விளங்கா. 1856ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கை இரண்டு விதிகளை நிறுத்தியிருந்தது. நடுநிலை நாட்டுக் கப்பலில் செல்லும் பகைவரின் சரக்கைப் பறிக்கலாகாது. பகைவரின் கப்பலில் செல்லும் நடுநிலையாரின் சரக்கையும் பறிக்கலாகாது. படைக்கலம் முதலிய போர்த்தடைச் சரக்குகள் மட்டுமே இவ்விரு விதிகளுக்கும் விலக்கு. இவ்வுடன்படிக்கையில் அமெரிக்க ஐக்கிய நாடுகள் கையொப்பமிடவில்லை. தனியார் கப்பல்களைப் போருக்கு ஏவும் உரிமையை விட அந்நாட்டுக்கு அன்று மனமில்லை. ஆயினும் பிற்காலத்தில் அவ்விதிகளின் நிழலில் மிகுதியாக ஒதுங்கி நின்றது அந்நாடே.

அதற்குக் காரணம் உண்டு. 1914இல் அமெரிக்கா உலகின் பெரும் உற்பத்தி நாடுகளுள் ஒன்று. எனினும் அதன் அயல்நாட்டு வணிகத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பல்களில் சென்றது. எஞ்சியவற்றில் பெரும்பகுதியை ஆங்கிலேயர் சுமந்தனர். ஜெர்மானியரும் பிறரும் மற்றதைச் சுமந்தனர். உள்நாட்டிலே கப்பல் கட்டுவது செலவு மிக்கது. அயல்நாட்டில் கட்டிய கப்பலை அமெரிக்கப் பதிவேட்டில் சேர்க்கவோ கடுந்தடைகள் இருந்தன. போர் மூண்டதும் ஜெர்மன் கப்பல்கள் துறைமுகங்களில் முடங்கின. ஆங்கிலக் கப்பல்கள் அஞ்சித் தயங்கின. தென்மாநிலப் பருத்தி துறைமுகங்களில் தேங்கியது. ஆகஸ்டு 4ஆம் நாள் நடுநிலை அறிவித்த அதிபர் உட்ரோ வில்சன், ஆகஸ்டு 18இல் பதிவேட்டின் கதவைத் திறக்கும் சட்டத்தை நிறைவேற்றச் செய்தார். செப்டம்பர் 2இல் போர் இடர்க் காப்பீட்டை அரசே ஏற்க வழி செய்தார். 1909இல் லண்டனில் வரையப்பட்ட கடற்சட்டத் தொகுப்பை இரு தரப்பாரும் பின்பற்ற வேண்டுமென்று அவருடைய அரசு கேட்டுக்கொண்டது. ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மற்றவர் ஏற்பின் தாமும் ஏற்பதாகக் கூறின. இங்கிலாந்தோ தனக்கு வேண்டிய மாற்றங்களோடு மட்டுமே ஏற்றது. கப்பல் பலம் உடையவனுக்குச் சட்டம் சுமை. இல்லாதவனுக்குச் சட்டமே கப்பல் என்பது அந்த ஆகஸ்டு மாதத்தில் நன்கு விளங்கியது.

இந்த நிலையில்தான் எம்டன் வங்கக்கடலுக்குள் நுழைந்தது. செப்டம்பர் 10ஆம் நாள் கிரேக்கக் கப்பல் பொன்டோபோரோஸ் அகப்பட்டது. கப்பல் நடுநிலை நாட்டுடையது. அதில் இருந்த நிலக்கரியோ ஆங்கிலேயருக்கு உரியது. கப்பலை மூழ்கடிக்க முல்லருக்கு உரிமையில்லை; நிலக்கரியை விடவும் இயலாது. எனவே கிரேக்கத் தலைவரைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டு, கப்பலைத் தம்மோடு வரச் செய்தார். அடுத்தடுத்து இண்டஸ், லோவட் என்னும் ஆங்கிலக் கப்பல்கள் பிடிபட்டன. ஆட்களை இறக்கியபின் இரண்டும் கடலடி சேர்ந்தன.

செப்டம்பர் 12ஆம் நாள் பிடிபட்ட கபிங்கா என்னும் கப்பல் வேறு வகையானது. கப்பல் ஆங்கிலேயருடையது, அதன் வயிற்றில் இருந்த சரக்கோ அமெரிக்கருடையது. கல்கத்தாவிலிருந்து சணலும் சாக்கும் அமெரிக்கா செல்வது அந்நாளில் பெருவணிகம். அதைச் சுமந்தவை பெரும்பாலும் இத்தகைய ஆங்கிலக் கப்பல்களே. பகைக் கப்பலை மூழ்கடிக்கும்போது உடன் மூழ்கும் நடுநிலைச் சரக்குக்கு ஈடு தர வேண்டுமா என்பதில் சட்ட வல்லாரிடையே கருத்து வேறுபாடு இருந்தது. ஐயமுள்ள இடத்தில் முல்லர் தம் பக்கம் சாயவில்லை. கபிங்காவை மூழ்கடிப்பது தம் அரசுக்கு ஈட்டுத்தொகைச் சுமையையும் அமெரிக்கரின் மனக்கசப்பையும் தேடித் தரும் என்று கணக்கிட்டார் எனலாம். கணக்கு மட்டுமே காரணம் என்பதற்கில்லை. அக்கப்பலில் தலைவரின் குடும்பமும் உடனிருந்தது. மற்றக் கப்பல்களின் மாலுமிகளையெல்லாம் அதில் ஏற்றி இரண்டு நாள் உடன்வைத்திருந்து, பின்னர் விடுவித்தார். விடைபெற்றுச் சென்ற ஆங்கில மாலுமிகள் எம்டனை நோக்கி வாழ்த்தொலி எழுப்பினர் என்பது போர் வரலாறுகளில் அரிதாகக் காணும் செய்தி.

இதே நாட்களில் பிடிபட்ட டிப்ளமாட் என்னும் அழகிய கப்பலுக்கு அந்தப் பேறு இல்லை. அதில் இருந்த தேயிலை லண்டன் சந்தைக்கு உரியது. கப்பலும் சரக்கும் பகைவருடையன. ஆயிரக்கணக்கான டன் தேயிலை வங்கக்கடலில் கரைந்தது. ஒரே கடல், ஒரே வாரம், ஒரே வகைக் கப்பல்கள். ஒன்று மிதந்தது, மற்றொன்று மூழ்கியது. இரண்டையும் பிரித்தது சரக்குச் சீட்டில் எழுதியிருந்த உரிமையாளரின் நாடு மட்டுமே.

நெறி தவறாமைக்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. செப்டம்பர் 13ஆம் நாள் லொரெடானோ என்னும் இத்தாலியக் கப்பல் எதிர்ப்பட்டது. இத்தாலி அப்போது நடுநிலை நாடு. முல்லர் அதனைச் சோதித்து விடுவித்தார். அதன் தலைவர் கல்கத்தாவை நோக்கிச் செல்லும் வழியில் எதிர்வந்த ஆங்கிலக் கப்பலுக்குச் செய்தி சொல்லிவிட்டார். அதுவரை எம்டன் எங்கிருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. அன்றிரவு தொடங்கிக் கம்பியில்லாத் தந்தியெங்கும் அதன் பெயரே ஒலித்தது. கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் இடையே வணிகக் கப்பல்கள் நின்றன. காப்பீட்டுக் கட்டணம் ஏறியது. லொரெடானோவையும் மூழ்கடித்திருந்தால் இன்னும் சில நாட்கள் மறைந்து வேட்டையாடியிருக்கலாம். அவ்வாறு செய்யும் எண்ணம் அவருக்கு எழுந்ததற்கு எந்தச் சான்றும் இல்லை. சில நாட்கள் கழித்து டோவ்ரே என்னும் நார்வே நாட்டுக் கப்பலை மறித்தபோதும் அதே ஒழுங்குதான். கூலி கொடுத்துச் சிறைப்பட்டோரை அதில் ஏற்றி ரங்கூனுக்கு அனுப்பினார்.

செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணியளவில் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் முன் தோன்றியது தமிழர் நன்கறிந்த கதை. ஒளிவிளக்கு பாய்ச்சி, பர்மா எண்ணெய்க் குழுமத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்து ஏறத்தாழ 125 குண்டுகளைச் சுட்டது. எண்ணெய் எரிந்த வெளிச்சம் நெடுந்தொலைவு தெரிந்தது. இலக்குத் தவறிய குண்டுகள் வேறிடங்களிலும் விழுந்தன; உயர்நீதிமன்ற வளாகச் சுவரில் இதற்கான நினைவுக்கல் உண்டு. துறைமுகத்தில் நின்ற கப்பலொன்றிலும் சிலர் உயிரிழந்தனர். சில நிமிடங்களில் முடிந்த இத்தாக்குதலுக்குப் பின் மக்கள் ஆயிரக்கணக்கில் நகரை விட்டு வெளியேறினர். முல்லரின் நோக்கமும் அதுவே: ஆங்கிலேயரின் கடல் வல்லமை குறித்த நம்பிக்கையைக் குலைப்பது. நெறியாளர் என்று அவரைப் புகழ்வோர், உறங்கப்போன ஒரு நகரின் அச்சத்தையும் அவர் கணக்கில் சேர்த்தே பார்க்க வேண்டும்.

செண்பகராமன் பிள்ளை அன்றிரவு எம்டனில் இருந்தார் என்னும் செய்தி தமிழ்நாட்டில் பல மேடைகளில் ஒலித்து வருவது. அப்பெருமகனின் நாட்டுப்பற்றுக்கு இந்தப் புனைவு தேவையில்லை. அவர் அப்போது சுவிட்சர்லாந்தில் இருந்தார். பின்னரே பெர்லின் சென்றார்.

சென்னையிலிருந்து இலங்கையைச் சுற்றி மேற்குக்கடலுக்குச் சென்றது எம்டன். கிங் லட், டைமெரிக், ரிபேரா, ஃபாயில் எனக் கப்பல்கள் மூழ்கின. பியூரெஸ்க் என்னும் கப்பல் நிறைய உயர்ந்த கார்டிஃப் நிலக்கரி கிடைத்தது. ஆங்கிலக் கடற்படைக்கென்று சென்ற கரி ஜெர்மன் உலையில் எரிந்தது. அக்டோபர் மாதத்தில் டியேகோ கார்சியாத் தீவில் தங்கியபோது, அங்கிருந்தோருக்குப் போர் தொடங்கியதே தெரியாது. விருந்தினராக வந்தவர்களை அன்புடன் வரவேற்றனர். பழுதுபட்டிருந்த படகு ஒன்றைச் செப்பனிட்டுக் கொடுத்துவிட்டு எம்டன் மாலுமிகள் அகன்றனர்.

அக்டோபர் நடுவில் மினிக்காய்த் தீவை ஒட்டிய வழித்தடத்தில் மறுபடியும் வேட்டை. 18ஆம் நாள் செயின்ட் எக்பர்ட் என்னும் ஆங்கிலக் கப்பல் பிடிபட்டது. நியூயார்க் நோக்கிச் சென்ற அதிலும் அமெரிக்கருக்கு உரிய சரக்கு. கபிங்காவுக்கு நேர்ந்ததே இதற்கும் நேர்ந்தது. சிறைப்பட்ட பல கப்பல்களின் மாலுமிகளும் பயணிகளும் இதில் ஏற்றப்பட்டனர்; கப்பல் கொச்சித் துறைமுகத்துக்கு விடப்பட்டது. ஏலமலைத் தொடரின் மேற்குப் புறத்துக்குக் கடல்வாயில் கொச்சியே. மலைக்கு இந்தப்புறம் கதையாக மட்டுமே வந்து சேர்ந்த எம்டன், மலைக்கு அந்தப்புறம் நூற்றுக்கணக்கான ஆட்களைக் கரையேற்றியிருந்தது. அவர்களின் உயிருக்கு முல்லரின் நெறி காவல் என்றால், அவர்கள் ஊர் சேரக் கிடைத்த கப்பலுக்கு அமெரிக்க வணிகனின் சரக்கு காவல்.

அக்டோபர் 28 விடியலில் பினாங்குத் துறைமுகத்துக்குள் நான்காம் புகைபோக்கியோடு நுழைந்து, நங்கூரமிட்டிருந்த ஜெம்சுக் என்னும் ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தார். உறக்கத்திலிருந்த மாலுமிகள் பலர் மாண்டனர். போர் வழக்கில் இது குற்றமன்று. எனினும் அவருடைய செயல்களுள் மிகக் கொடியது இதுவே. வெளிவரும் வழியில் எதிர்த்த மூஸ்கே என்னும் பிரெஞ்சுக் கப்பலையும் மூழ்கடித்தார். பகைக் கப்பல்கள் துரத்தக்கூடும் என்ற நிலையிலும் நின்று, நீரில் தத்தளித்த முப்பத்தாறு பேரைக் காப்பாற்றினார். அவர்கள் வேறொரு கப்பலில் டச்சுத் துறைமுகமான சபாங்குக்கு அனுப்பப்பட்டனர்.

நவம்பர் 9ஆம் நாள் கோகோஸ் தீவுகளில் முடிவு வந்தது. அங்கிருந்த தந்தி நிலையத்தை அழிக்க ஐம்பது பேரைக் கரையிறக்கியிருந்த வேளையில், ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி வந்து சேர்ந்தது. அதன் பீரங்கிகள் பெரியவை; நெடுந்தூரம் சுடுபவை. எம்டன் சிதைந்தது. மிஞ்சியோரைக் காக்கக் கப்பலை வடகீலிங் தீவின் பவளப்பாறை மேல் ஏற்றினார் முல்லர். நூற்றுமுப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர் சிறைப்பட்டார். அதுவரை மூழ்கடித்த ஆங்கில வணிகக் கப்பல்கள் பதினாறு. மொத்தம் 70,000 டன்னுக்கு மேல்.

எம்டன் ஓய்ந்தபின் நடுநிலைச் சட்டத்துக்கு என்ன நேர்ந்தது என்பதையும் இவ்வரலாற்றோடு சேர்த்தே பார்க்க வேண்டும். முல்லர் பிடித்து உருமாறிய கோர்மோரான், நிலக்கரி தீர்ந்து 1914 டிசம்பரில் அமெரிக்கர் ஆண்ட குவாம் தீவுக்கு வந்தது. அமெரிக்க ஆளுநர் நடுநிலை விதியைக் காட்டி வேண்டிய கரி தர மறுத்தார். கப்பல் அங்கேயே தடுத்து வைக்கப்பட்டது. அதே கிழக்குப் படையைச் சேர்ந்த பிரின்ஸ் ஐட்டல் பிரடரிக் என்னும் துணைப்போர்க்கப்பல் 1915 ஜனவரி 28ஆம் நாள் தென் அட்லாண்டிக்கில் வில்லியம் பி. ஃபிரை என்ற அமெரிக்கப் பாய்மரக் கப்பலை மூழ்கடித்தது. அதில் இருந்தது கோதுமை. அப்போரில் மூழ்கடிக்கப்பட்ட முதல் அமெரிக்க வணிகக் கப்பல் அதுவே. ஆட்களுக்குத் தீங்கில்லை, பிரஷ்யாவோடு செய்திருந்த பழைய உடன்படிக்கையைச் சுட்டி அமெரிக்கா ஈடு கேட்டது, ஜெர்மனியும் இசைந்தது. கபிங்காவை விட்டவர் எண்ணிப்பார்த்ததை ஃபிரையை மூழ்கடித்தவர் எண்ணிப்பார்க்கவில்லை.

ஆங்கிலேயரும் நடுநிலையாரை நோகடிக்காமலில்லை. உணவையும் பருத்தியையும் படிப்படியாகத் தடைப்பட்டியலில் சேர்த்தனர்; அமெரிக்கக் கப்பல்களைத் தம் துறைமுகங்களுக்குத் திருப்பிச் சோதித்தனர். ஜெர்மானியரிடமிருந்து அமெரிக்கர் ஒருவர் வாங்கிய டேசியா என்னும் கப்பலை 1915இல் பிரெஞ்சுக்காரர் பறித்தனர். ஆயினும் பறிப்பு வேறு, கொலை வேறு. நீர்மூழ்கிக் கப்பலுக்கு நின்று சோதிக்க நேரமில்லை. ஆட்களை ஏற்றிக்கொள்ள இடமில்லை. முல்லர் செய்ததை அது செய்ய விரும்பினாலும் இயலாது. 1915 மே 7இல் லூசிட்டானியா மூழ்கியபோது இறந்த 1,198 பேரில் 128 பேர் அமெரிக்கர். வில்சன் 1916இல் பெருங்கடற்படைக்கும், அரசே கப்பல் வாங்கும் திட்டத்துக்கும் சட்டம் பெற்றார். 1917 பிப்ரவரியில் ஜெர்மனி வரம்பற்ற நீர்மூழ்கிப் போரைத் தொடங்கியது. ஏப்ரல் 6இல் அமெரிக்கா போரில் இறங்கியது. மறுநாள் குவாமில் கோர்மோரானைக் கைப்பற்ற அமெரிக்கர் முனைந்தபோது, அதன் மாலுமிகளே அதை வெடிவைத்து மூழ்கடித்தனர். முல்லரின் முதல் கைப்பொருளும் அமெரிக்க நடுநிலையும் ஒருநாள் இடைவெளியில் முடிந்தன.

அப்போது முல்லர் இங்கிலாந்தில் சிறைக்காவலில் இருந்தார். முதலில் மால்ட்டாத் தீவில் வைக்கப்பட்டவரை 1916 அக்டோபரில் நாட்டிங்காம் அருகே சட்டன் பானிங்டன் முகாமுக்கு மாற்றியிருந்தனர். 1917 செப்டம்பரில் சுரங்கம் அகழ்ந்து இருபத்தொருவர் தப்பினர். அவர்களுள் அவரும் ஒருவர். விரைவில் மீண்டும் பிடிபட்டார். மலேரியா முற்றவே, 1918இன் தொடக்கத்தில் நடுநிலை நாடான நெதர்லாந்துக்கு மருத்துவத்துக்காக அனுப்பினர். நடுநிலையாரின் சரக்கைக் காத்தவருக்கு நடுநிலை மண்ணே அடைக்கலமாயிற்று. அவ்வாண்டு அக்டோபரில் தாயகம் திரும்பினார். போரின் உயர்விருதும் பதவி உயர்வும் வந்தன. 1919இல் உடல்நலமின்மையால் ஓய்வு பெற்று, பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் குடியேறினார். 1920இல் திருமணம், இரண்டு பெண்மக்கள். பிரவுன்ஷ்வைக் மாநிலப் பேரவைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

எம்டனின் கதையை எழுதுமாறு பலர் வேண்டினர். பணியாளர் பலர் எழுதிப் புகழும் பொருளும் பெற்றனர். முல்லர் மறுத்தார், இறந்த தோழரின் குருதியை விலையாக்குவது போல அது தோன்றும் என்பதே அவர் சொன்ன காரணம். ஒரு நூலும் எழுதாமல், 1923ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், ஐம்பது நிரம்புமுன் காலமானார். எம்டனில் பணியாற்றி உயிர் தப்பியோர் தம் குடும்பப் பெயரோடு எம்டன் என்னும் பெயரை இணைத்துக்கொள்ளப் பின்னர் ஜெர்மனியில் இசைவு தரப்பட்டது. அவர்களின் வழிவந்தோர் சிலர் இன்றும் அப்பெயரைத் தாங்குகின்றனர்.